'யாராவது ஜெயிலுக்குப் போயே ஆகணும்!' - தேர்வு முடிவைப் பார்த்துக் கொதித்த டெட்ராய்ட் பெற்றோர்கள்... பிறகு நடந்தது என்ன?

"இதற்காக யாராவது ஜெயிலுக்குப் போயே ஆக வேண்டும். ஆனால், அது நம் பிள்ளைகளாக இருக்கக் கூடாது!"

2009 டிசம்பரில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஒரு பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பொருளில் ஒலித்தது ஒரு குரல். பேசியவர் ஷர்லோண்டா பக்மேன். 'டெட்ராய்ட் பேரன்ட் நெட்வொர்க்' என்ற பெற்றோர் அமைப்பை நடத்தியவர். ஊரில் கொலையோ கொள்ளையோ நடந்துவிடவில்லை. ஒரு தேர்வின் முடிவு வெளியாகியிருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைக்கு மார்க் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் பிள்ளையைத் திட்டுவோம். இன்னும் கொஞ்சம் கோபம் வந்தால் டீச்சரைப் பார்க்கப் போவோம். ஆனால், ஓர் ஊரின் பிள்ளைகள் மொத்தமாகக் கடைசி இடத்துக்குப் போய்விட்டால், யாரைப் போய்ப் பார்ப்பது?

டெட்ராய்ட் பெற்றோர்களுக்கு இதற்கு விடை கண்டுபிடிக்கவே பல வருடங்கள் ஆகின. கோபத்தில் தொடங்கிய அந்தக் கதை, 'வாசிக்கக் கற்பது என் உரிமையா, இல்லையா?' என்று மாணவர்களே கோர்ட்டில் கேட்கும் அளவுக்குப் போனது. வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அப்படி என்ன ரிசல்ட் அது?

அமெரிக்காவில் 'நேப்' என்று ஒரு தேர்வு உண்டு. 'தேசத்தின் ரிப்போர்ட் கார்டு' என்று அதற்குச் செல்லப்பெயர். முக்கியமாக 4-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் கணிதம், வாசிப்பு இரண்டிலும் நாடு முழுக்க ஒரே அளவுகோலில் நடத்தப்படும் தேர்வு. எல்லாப் பிள்ளைகளும் இதை எழுதுவதில்லை. சில பள்ளிகள், அவற்றில் சில மாணவர்கள் என்று மாதிரிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய நகரங்கள் விரும்பினால் தங்கள் ஊருக்குத் தனியாக ரிசல்ட் வாங்கிக்கொள்ளலாம்.

2009-ல் டெட்ராய்ட் முதன்முறையாக அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்த ஆண்டு கலந்துகொண்டவை 18 பெருநகரங்கள். டிசம்பர் 8 அன்று கணித முடிவு வந்தது. 500-க்குப் போடப்படும் அந்த மதிப்பெண்ணில், 4-ம் வகுப்பின் தேசிய சராசரி 239. டெட்ராய்ட்டின் சராசரி 200. பட்டியலில் கடைசி இடம். அதுமட்டுமா? அந்தத் தேர்வின் சுமார் 40 ஆண்டு வரலாற்றிலேயே அவ்வளவு குறைந்த மதிப்பெண்ணை எந்த நகரமும் எடுத்ததில்லை.

4-ம் வகுப்பில் 69 சதவிகிதப் பிள்ளைகள் 'அடிப்படை' நிலையைக்கூடத் தொடவில்லை. 8-ம் வகுப்பில் அது 77 சதவிகிதம். 'அடிப்படை' என்றால் ஏதோ பெரிய கணக்கு என்று நினைக்க வேண்டாம். 4-ம் வகுப்பில் முழு எண்களை வைத்து எளிய கணக்குகளைப் போடத் தெரிய வேண்டும், பின்னம் என்றால் என்னவென்று ஓரளவு புரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். கேள்வியைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு விடையைத் தேர்ந்தெடுத்திருந்தால்கூட ஏறக்குறைய இதே மதிப்பெண்தான் வந்திருக்கும் என்ற பொருளில் பேசினார், பெருநகரப் பள்ளி அமைப்புகளின் கூட்டமைப்பை நடத்திவந்த மைக்கேல் காசர்லி.

சில மாதங்கள் கழித்து, 2010 மே மாதத்தில், வாசிப்புத் தேர்வின் முடிவும் வந்தது. அதிலும் அதே கதை. 4-ம் வகுப்பில் 73 சதவிகிதம் பேர் அடிப்படை நிலைக்குக் கீழே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நேப் தேர்வு தனித்தனிப் பிள்ளைக்கு மார்க் கொடுக்காது. 'உங்கள் ஊரில் 10 பிள்ளைகளில் 7 பேர் வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொடவில்லை' என்று சொல்லுமே தவிர, அந்த 7 பேரில் உங்கள் பிள்ளை உண்டா என்று சொல்லாது. டெட்ராய்ட்டின் ஒவ்வொரு அம்மாவும் அப்பாவும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஜெயில்வரை போன அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தது அந்தப் பயம்தான்.

கோபம் யார் மேல்?

அமெரிக்காவில் 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது நம்ம ஊர் கலெக்டர் ஆளும் மாவட்டம் மாதிரி கிடையாது. ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை மட்டும் நிர்வகிக்கும் தனி அமைப்பு அது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் போர்டு, தனி பட்ஜெட், தனி தலைமை அதிகாரி என எல்லாம் தனி. ரிசல்ட் மோசமென்றால் அடுத்த தேர்தலில் போர்டு உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பலாம். ஏட்டில் அப்படித்தான்.

டெட்ராய்ட்டில் அந்த வழியும் அடைபட்டிருந்தது. 1999-லேயே மிச்சிகன் மாநில அரசு, பள்ளிகளின் நிலை சரியில்லை என்று சொல்லி, மக்கள் தேர்ந்தெடுத்த போர்டை ஓரங்கட்டிவிட்டு நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. எடுத்தபோது கணக்கில் சுமார் 9.3 கோடி டாலர் மிச்சம் இருந்தது. சில வருடங்கள் கழித்து ஊர்க்காரர்களிடம் திருப்பிக் கொடுத்தபோது சுமார் 20 கோடி டாலர் பற்றாக்குறை! அந்தப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2009-ல் மறுபடியும் ஓர் 'அவசரகால நிதி மேலாளரை' மாநிலம் நியமித்தது. அவர் பெயர் ராபர்ட் பாப். ரிசல்ட் வந்தபோது நாற்காலியில் இருந்தவர் அவர்தான். வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

போர்டைக் கேட்டால் 'அதிகாரம் எங்களிடம் இல்லை'. மேலாளரைக் கேட்டால் 'நான் வருவதற்கு முன்பே இப்படித்தான்'. டீச்சரைக் கேட்டால் 'ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று வந்து பாருங்கள்'. ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டும்போது, 'யாராவது ஜெயிலுக்குப் போகட்டும்' என்று ஒரு தாய் சொல்வதில் ஆச்சர்யம் என்ன?

ஆனால், கோபத்தோடு அவர்கள் நிற்கவில்லை. 'பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஊர்மக்கள் ஒரு லட்சம் மணி நேரம் தர முடியுமா?' என்று நிர்வாகம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு மணி நேரம் சேர்ந்தது. பாலர் வகுப்புப் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள் பெரியவர்கள். நெகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால், ஓட்டைப் படகில் ஊரே கூடித் தண்ணீர் இறைத்தாலும், ஓட்டை அப்படியேதானே இருக்கும்?

பிள்ளை போனால் பணமும் போகும்

அந்த ஓட்டையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டெட்ராய்ட், கார்களின் நகரம். 1950-ல் அங்கே 18 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். தொழிற்சாலைகள் மூடின, வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர்ந்தன. 2010-ல் மக்கள்தொகை 7 லட்சத்து சொச்சம். 2013-ல் நகர நிர்வாகமே திவால் நோட்டீஸ் கொடுத்தது.

நகரத்தில் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். இனப் பாகுபாட்டால் தங்கள் பிள்ளைகளின் பள்ளிகள் பின்தங்குகின்றன என்று 1970-லேயே டெட்ராய்ட் பெற்றோர்கள் வழக்கு போட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் வெர்டா பிராட்லி என்ற தாய். புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்து மாணவர்களைக் கலந்து படிக்க வைக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. ஆனால், 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. நகரத்தின் பிரச்னை நகர எல்லைக்குள்ளேயே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது. பணமும் வேலையும் எல்லைக்கு வெளியே போய்விட்ட பிறகு!

அடுத்தது, நிதிக்கான விதி. 1994-ல் மிச்சிகன் மாநிலம் பள்ளி நிதியைத் தலைக்கு இவ்வளவு என்று மாற்றியது. ஒரு பிள்ளை பள்ளி மாறினால், அந்தப் பிள்ளைக்கான பணமும் கூடவே போய்விடும். அதே காலத்தில் 'சார்ட்டர்' பள்ளிகள் வந்தன. அரசுப் பணத்தில், தனி நிர்வாகத்தில் நடப்பவை இவை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேரவும் வழி திறந்தது.

ஒரு வகுப்பில் 30 பிள்ளைகளில் 6 பேர் வேறு பள்ளிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். 6 பேருக்கான பணம் போய்விடும். ஆனால், டீச்சர் சம்பளம் அதேதான். கூரையைச் சரிசெய்யும் செலவும் குளிர்கால ஹீட்டர் செலவும் அதேதான். பணம் குறைந்ததும் ஓவிய வகுப்பு போகும், நூலகர் போவார். அதைப் பார்த்து இன்னும் 4 பெற்றோர் பிள்ளையை மாற்றுவார்கள். ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்கிறார்; ஆனால், மீதமிருக்கும் 20 பிள்ளைகளின் வகுப்பறை இன்னும் கொஞ்சம் இருட்டாகிறது.

2000-ம் ஆண்டுவாக்கில் டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் சுமார் 1,60,000 மாணவர்கள் இருந்தார்கள். 2015-ல் சுமார் 47,000 பேர். இடைப்பட்ட 15 ஆண்டுகளில் 195 பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி மூடினால் பிள்ளை புதுப் பள்ளிக்குப் போக வேண்டும், புது டீச்சர், புது நண்பர்கள், புது பஸ். ஒரு பிள்ளை 8-ம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று, நான்கு பள்ளி மாறுவது அங்கே அதிசயமே இல்லை.

எலி, பூஞ்சை, பாடம் நடத்திய மாணவன்

2016 ஜனவரியில் ஆசிரியர்கள் பொறுமையிழந்தார்கள். மிச்சிகனில் அரசு ஆசிரியர்கள் ஸ்டிரைக் செய்யச் சட்டம் இடம் தராது. அதனால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோர் 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட்டார்கள். ஜனவரி 20 அன்று, சுமார் 100 பள்ளிகளில் 88 பள்ளிகள் மூடிக்கிடந்தன. கூடவே சுவரில் பூஞ்சை, வகுப்பறையில் எலி, உப்பி மேடுபள்ளமாகிப்போன விளையாட்டுக்கூடத் தரை என்று போட்டோக்களை எடுத்து இணையத்தில் போட்டார்கள். நாடே பார்த்தது.

லீவு போட்ட ஆசிரியர்கள்மேல் பெற்றோருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் அல்லவா? சிலருக்கு வந்தது. 'வேலைக்குப் போகும் நாளில் திடீரென்று பள்ளி இல்லையென்றால் பிள்ளையை எங்கே விடுவது?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், அந்தப் போட்டோக்களைப் பார்த்த பலர் ஆசிரியர்களின் பக்கம் வந்து நின்றார்கள். மார்க்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த அறையையும் பார்த்தன.

அந்த ஆண்டு ஜூனில் 61.7 கோடி டாலர் மீட்புத் திட்டத்துக்கு மாநில சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்தது. பழைய கடனைப் பழைய அமைப்பின் தலையில் விட்டுவிட்டு, ஜூலையில் புதிய பெயரில் புதிய டிஸ்ட்ரிக்ட் பிறந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 13. டெட்ராய்ட்டின் மிகவும் பின்தங்கிய 5 பள்ளிகளைச் சேர்ந்த 7 மாணவர்கள் மத்திய நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தாக்கல் செய்தார்கள். அந்த 5-ல் சார்ட்டர் பள்ளிகளும் அடக்கம். எதிர்த் தரப்பில் டீச்சர் இல்லை, ஹெச்.எம் இல்லை. மாநில கவர்னர் ரிக் ஸ்னைடரும் கல்வி அதிகாரிகளும் இருந்தார்கள். 'இத்தனை வருடம் எங்கள் பள்ளிகளைப் பெரும்பாலும் கையில் வைத்திருந்தது மாநிலம்தான். எங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தராதது மாநிலம்தான்' என்பது அவர்களின் வாதம். சிறைக்கு அனுப்ப ஆள் தேடிய கோபம், பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று கேட்கும் கேள்வியாக மாறியிருந்தது.

அந்த மனுவில் இருந்தவற்றைப் படித்தால் மனசு கனக்கும். கோடையில் வெந்து தணியும் வகுப்பறை, குளிர்காலத்தில் பிள்ளைகள் விடும் மூச்சு புகையாகத் தெரியும் அளவுக்குக் குளிர். ஆளுக்கொன்று கிடைக்காத, பழைய பாடப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் இல்லாததால், 8-ம் வகுப்பு மாணவர் ஒருவரே ஒரு மாதம் 7, 8-ம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்!

இப்போது அந்த 77 சதவிகிதத்தை நினைத்துப் பாருங்கள். யாருக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்வது?

26 நாள் வாழ்ந்த தீர்ப்பு

சட்டம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லை என்று 1973-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 ஜூனில் நீதிபதி ஸ்டீபன் மர்ஃபி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பள்ளிகளின் நிலை மிகக் கொடுமையானது என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும், வாசிக்கக் கற்பதை அரசியல் சாசன உரிமையாகத் தன்னால் ஏற்க முடியாது என்றார்.

மாணவர்கள் அப்பீல் போனார்கள். 2020 ஏப்ரல் 23. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, 2-க்கு 1 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. நீதிபதி எரிக் கிளே எழுதிய அந்தத் தீர்ப்பின் வாதம் எளிமையானது. ஓட்டுப் போட, வரி கட்ட, ஜூரியாக உட்கார, ஏன், சாலையோர அறிவிப்புப் பலகையைப் புரிந்துகொள்ளக்கூட வாசிக்கத் தெரிய வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு மற்ற உரிமைகளைக் கொடுத்து என்ன பயன்? அடிமை முறை இருந்த காலத்தில் கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதையே பல தென் மாநிலங்கள் குற்றமாக்கியிருந்தன. அந்த வரலாற்றையும் தீர்ப்பு நினைவுபடுத்தியது. வாசிக்கக் கற்கும் அளவுக்கான அடிப்படைக் கல்வி ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை என்றது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த நேரம் அது. பெற்றோர்களால் ஒன்றுகூடிக் கொண்டாடக்கூட முடியவில்லை.

மே 14 அன்று அப்போதைய கவர்னர் கிரெட்சன் விட்மர் மாணவர்களோடு சமரசம் செய்துகொண்டார். 7 மாணவர்களுக்கும் சேர்த்து 2,80,000 டாலர். டெட்ராய்ட் பள்ளிகளின் வாசிப்புத் திட்டங்களுக்கு உடனடியாக 27.2 லட்சம் டாலர். மேலும், குறைந்தது 9.44 கோடி டாலரை வாசிப்புக் கல்விக்கு ஒதுக்கும் சட்டத்தை முன்மொழிவதாக வாக்குறுதி.

ஐந்தே நாளில், மே 19 அன்று, அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதிகள் பெரும்பான்மையாக வாக்களித்து, வழக்கை முழு அமர்வு விசாரிக்கும் என்று முடிவெடுத்தார்கள். மூவர் அமர்வின் தீர்ப்பு அதோடு செல்லாமல் போனது. சமரசம் ஏற்கெனவே ஆகிவிட்டதால் வழக்கும் முடிந்தது. அந்தத் தீர்ப்பு தந்த 'வாசிக்கும் உரிமை' இருந்தது மொத்தம் 26 நாள்கள்!

வாக்குறுதி தரப்பட்ட 9.44 கோடி டாலர்? அதைச் சட்டமன்றம் உடனே தரவில்லை. 2023-ல்தான் அது மாநில பட்ஜெட்டில் இடம்பிடித்தது. வழக்கு போட்டு ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைச் சிறு குழுக்களாக உட்கார வைத்துத் தனிக் கவனம் கொடுக்கும் பயிற்சியாளர்களை நியமிக்க அந்தப் பணம் உதவுகிறது.

தண்டனை யாருக்கு?

இதற்கிடையே மாநிலம் இன்னொரு வேலையும் செய்தது. 3-ம் வகுப்பு முடிவில் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருக்கும் பிள்ளையை ஃபெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைக்க வழிசெய்யும் சட்டத்தை 2016-ல் கொண்டுவந்தது. டீச்சர் இல்லாத பள்ளியில், புத்தகம் இல்லாத வகுப்பில் படித்த பிள்ளைக்குத் தண்டனை! அது நடைமுறைக்கு வந்தபோது அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் கறுப்பின, ஏழைக் குடும்பப் பிள்ளைகளே. பெற்றோர்களும் கல்வியாளர்களும் தொடர்ந்து எதிர்த்தார்கள். 2023-ல் கட்டாய ஃபெயில் விதி நீக்கப்பட்டது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குக் கூடுதல் உதவி செய்ய வேண்டும் என்ற பகுதி மட்டும் தொடர்கிறது.

கோபப்பட்டவர் உள்ளே வந்தார்

2017-ல் மக்கள் தேர்ந்தெடுத்த போர்டிடம் மீண்டும் பொறுப்பு வந்தது. அவர்கள் நிகோலாய் விட்டி என்பவரைத் தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். தனக்கே டிஸ்லெக்சியா உண்டு என்று வெளிப்படையாகப் பேசுபவர் அவர். வாசிக்கத் திணறுவது எப்படியிருக்கும் என்று அனுபவித்தவர்.

வந்ததும் பாடத்திட்டத்தைச் சோதித்தார்கள். அதிர்ச்சி! பள்ளிகளில் நடத்திய பாடத்துக்கும், மாநிலம் எதிர்பார்க்கும் தரத்துக்கும் பொருத்தமே இல்லை. சொல்லிக்கொடுத்தது ஒன்று, தேர்வில் கேட்டது வேறொன்று. வாசிப்புக்கும் கணக்குக்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. 2018-ல் குடிநீரைச் சோதித்தபோது பல பள்ளிகளில் ஈயமும் செம்பும் அளவுக்கு மீறி இருந்தன. எல்லாப் பள்ளிகளிலும் குழாயை மூடிவிட்டு, முதலில் பாட்டில் தண்ணீர் கொடுத்து, பிறகு வடிகட்டும் கருவிகளைப் பொருத்தினார்கள்.

அப்போது நடந்த இன்னொரு நியமனம் முக்கியமானது. 'யாராவது ஜெயிலுக்குப் போக வேண்டும்' என்று முழங்கிய ஷர்லோண்டா பக்மேன், அதே டிஸ்ட்ரிக்ட்டில் குடும்பங்களையும் பள்ளியையும் இணைக்கும் துறைக்குத் தலைமையேற்றார். பெற்றோருக்கான பயிலரங்குகள், ஆசிரியர்களே வீடு தேடிப் போய்ப் பெற்றோரைச் சந்திப்பது என்று வேலைகள் தொடங்கின. பிரச்னை வந்த பிறகு கூப்பிட்டுக் குறை சொல்வதற்காக நடக்கும் சந்திப்பு கிடையாது அது. 'உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்கத்தான் ஆசிரியர்கள் போனார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை. 2019 நேப் தேர்வில் 4-ம் வகுப்புக் கணக்கில் டெட்ராய்ட் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டது. ஆனாலும், பெருநகரங்களின் வரிசையில் கடைசி இடம்தான். அடுத்து கொரோனா வந்து, ஏறிய படிகளிலிருந்தும் இறக்கிவிட்டது.

இன்னொரு பெரிய பிரச்னை, பள்ளிக்கே வராத பிள்ளைகள். வருடத்தில் 10 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் லீவு எடுப்பவர்கள் 2021-22-ல் 77 சதவிகிதம்! தனிமைப்படுத்தல் விதிகளும் அப்போது சேர்ந்துகொண்டன. அது மெல்லக் குறைந்தாலும் 2023-24-லும் மூன்றில் இரண்டு பங்கு பேர் அந்தப் பட்டியலில்தான். 'பொறுப்பில்லாத பெற்றோர்கள்' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், பெரும்பாலான உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி பஸ் கிடையாது, டவுன் பஸ்தான். கார் ரிப்பேரானால், பஸ் வராவிட்டால், பிள்ளைக்கு ஆஸ்துமா வந்தால், வாடகை கட்ட முடியாமல் வீடு மாறினால்... அன்று பள்ளி இல்லை. எவ்வளவு நல்ல வாசிப்புப் பயிற்சியாளரும் காலி நாற்காலிக்குச் சொல்லித்தர முடியாதே!

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

தேர்வு முடிவு என்பது ஜுரத்தைக் காட்டும் தெர்மாமீட்டர் மாதிரி. ஜுரம் இருக்கிறது என்று சொல்லும். ஏன் வந்தது என்று சொல்லாது. டெட்ராய்ட் பெற்றோர்கள் பல வருடம் அலைந்து கற்றுக்கொண்டதை, பள்ளிக் கூட்டத்துக்குப் போகும் எந்தப் பெற்றோரும் கேள்விகளாக எடுத்துப் போகலாம்.

* என் பிள்ளையால் தன் வகுப்புப் பாடத்தைத் தானாக வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா? (இதற்கு எந்தத் தேர்வும் வேண்டாம். இன்று இரவே ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் திட்ட வேண்டாம்.)
* இந்த வருடம் எத்தனை நாள்கள் எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்தார்கள்?
* பின்தங்கிய பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் தனிக் கவனம் கிடைக்கிறது? அதைக் கொடுப்பவர் யார்?
* வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் எப்படி இருக்கின்றன? கடைசியாகச் சோதித்தது எப்போது?
* அடிக்கடி லீவு எடுக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தார்களா?
* இவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவரை எங்கே, எப்போது சந்திக்கலாம்?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. டெட்ராய்ட் பெற்றோர்களைப் பல வருடங்கள் சுற்றவிட்டது அந்த ஒரு கேள்விதான்.

2009-ல் அந்தக் கணக்குத் தேர்வை எழுதிய 4-ம் வகுப்புப் பிள்ளைகள் இன்று 25 வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டிய பணம் வந்துசேர்வதற்குள் அவர்களின் பள்ளிப் படிப்பே முடிந்துவிட்டது. அவர்களில் சிலருக்கு இப்போது குழந்தைகள் இருக்கலாம். அந்தக் குழந்தைகள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு அதே ஊர்ப் பள்ளிகளுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களின் வழக்கும் பட்ஜெட்டும் ஏழு வருடம்கூடக் காத்திருக்கலாம். 4-ம் வகுப்பில் ஒரு பிள்ளை இருப்பது ஒரே ஒரு வருடம்தான்.